குழிமேட்டில் ஒரு ‘ஸ்’

எங்கள் மூங்கில்பள்ளத்துச் சாவுப் பாட்டைக் கேட்க வெளியூரிலிருந்து ஆள் வரும். கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகிற பாதையை விட்டு இறங்கினால் கொஞ்சம் வீடு, கொஞ்சம் பூண்டுத் தோட்டம், ஒரு சின்ன மாதா கோயில். அவ்வளவுதான் எங்கள் ஊர். ஆனால் இங்கே ஒருவர் செத்துப்போனால் சுற்றுவட்டாரத்து வேதக்காரர்கள் மட்டுமில்லை, பழனிக்கு மாலை போட்டவர்கள்கூடக் கல்லறை வேலியோரம் வந்து நிற்பார்கள். செத்தவரைத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். பாட்டுக்கு வந்தோம் என்பார்கள்.

நான் இஞ்ஞாசி. பூண்டு போடுகிறவன், கோயிலில் ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன். சாவுக்குப் பெட்டி கிடையாது, வெறும் குரல்தான். எல்லாருக்கும் ஒரே சுருதி, ஒரே வரி. தாளம் இல்லை. ஒருவன் முந்தக் கூடாது. ஒருவன் குரல் தனியாகத் தெரியவும் கூடாது. மூச்சு முட்டினால் ஓசைப்படாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவன் இழுத்துக்கொண்டு போகும்போது நைசாக அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் பாடுவது நாங்கள் இல்லை என்று தோன்றும். வயது தெரியாத யாரோ ஒருவர் எங்கள் எல்லார் வாயையும் இரவல் வாங்கிப் பாடுவதுபோல இருக்கும். எனக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். முதுகில் ஒரு சில்லிப்பும் கூடவே வரும்.

இலத்தீன் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு ஜெபமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சந்தியாகு எல்லாப் பாட்டையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அர்த்தம் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். “ஆண்டவருக்குப் புரியும்லே. ஒனக்கு எதுக்கு?” என்பார். எனக்கும் மூக்குநுனியில்தான் கோபம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சமாதானம் செய்துவைக்கிற வேலை என் மனைவி அமலோற்பவத்துக்கு.

பெண்கள் பக்கத்தில் அவள் குரல்தான் குரல். எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே அத்தனை பாட்டும் மனப்பாடம். ஒரு அட்சரம் பிசகினால் அவளால் தாங்க முடியாது. நான் வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அடுப்படியிலிருந்து, “அங்க இழுக்கக் கூடாதுங்க” என்று சத்தம் வரும். கோயில் பெட்டியை வாசிக்கிறவனுக்கு அடுப்படியிலிருந்து பாடம். நான் பதிலுக்குக் கத்துவேன். பிறகு அவள் சொன்னபடிதான் பாடுவேன்.

இனி அந்த ‘ஸ்’ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழிக்குள் சவப்பெட்டியை இறக்கியபின் சாமியார் ஒரு வரி பாடுவார். நாங்கள் ஒரு வரி பதில் பாடுவோம். அவர் வரிக்கு நடுவிலும் எங்கள் வரியின் முடிவிலும் ‘ஏயி’ என்று வரும். ஆனால் சில சாவுக்கு மட்டும் எங்கள் வரியை ‘ஏயிஸ்’ என்று முடிப்போம். யாருக்கு எது என்பதைச் சந்தியாகுதான் தீர்மானிப்பார்.

“‘ஏயி’ன்னா அவனுக்கு. ‘ஏயிஸ்’னா அவங்களுக்கு. மரியாதலே, மரியாத!” என்று அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், அவர் வேலைக்கு வந்த புதிதில் பழைய மணியகாரரும் அவர் சம்சாரமும் ஒரே நாளில் காய்ச்சலில் போனார்கள். அந்த அடக்கத்தில்தான் சாமியார் ‘ஏயிஸ்’ என்று பாடியதைச் சந்தியாகு முதன்முதலாகக் கேட்டார். ஆகா, ஊருக்குப் பெரியவர், அதனால் ‘ஸ்’ என்று முடிச்சுப் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் குழிக்குள் இறங்கியது இரண்டு பெட்டி என்பது அவர் மூளையில் ஏறவே இல்லை. அதிலிருந்து மணியகாரர் வீடு, பேரிக்காய்த் தோட்டக்காரர், வாத்தியார் என்று நாலு பேர் கும்பிடுகிறவர்களுக்கு ‘ஏயிஸ்’. கூலிக்காரர்களுக்கு ‘ஏயி’. காலையில் எழுந்ததிலிருந்து ஆள் பார்த்து, ‘வாலே’, ‘வாங்க’ என்று நாக்கை மடக்கிப் பழகிய நமக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும்.

“கோயிலுக்குள்ள பாடுற பாட்டுல எல்லாருக்குமே ‘ஏயிஸ்’தான வருது?” என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“கோயிலுக்குள்ள ஆண்டவர் இருக்காரு. அவருக்கு முன்னால எல்லாரும் பெரிய மனுசந்தான். குழிமேட்டுலதாம்லே ஆள் பாக்கணும்” என்றார் சந்தியாகு.

பெரிய சாமியாருக்குக் காது மந்தம். அவர் காலம் முழுக்க நாங்கள் என்ன பாடினாலும் ஆசீர்வாதம்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ‘ஸ்’ கேட்க அழகாக இருக்கும். எங்கள் கல்லறை ஒரு சரிவில் இருக்கிறது. மத்தியானம் ஆனால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவரும். நாங்கள் பாடி நிறுத்திய பிறகும் அந்த ‘ஸ்’ மட்டும் நிற்காது. பனிக்குள் இறங்கி, சீகை மரங்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் போகும். யாரையோ தேடிப் போவதுபோல இருக்கிறது என்று ஒருநாள் அமலோற்பவம் சொன்னாள். போடி பைத்தியம் என்றேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் பெரிய சாமியார் இறந்து, பெர்னார் சாமியார் வந்தார். பிரெஞ்சுக்காரர். காது கத்திபோல இருக்கும். அந்தக் கார்த்திகையில் எங்கள் வாத்தியார் இறந்தார். அதுதான் புது சாமியார் இங்கே செய்த முதல் அடக்கம். வாத்தியாருக்கு ‘ஸ்’ போட்டுப் பாடினோம். எல்லாம் முடிந்து நான் கோயிலில் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சாமியார் பக்கத்தில் வந்து நின்றார். புத்தகத் தமிழில்தான் பேசுவார்.

“இஞ்ஞாசி, பெட்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள்?”

“ஒருத்தர்தாங்க சாமி. வாத்தியாரு.”

“நான் ஒருவருக்காகப் பாடினேன். ‘ஏயி’ என்றால் அவனுக்கு, அல்லது அவளுக்கு. நித்திய வெளிச்சம் அந்த ஒருவர்மேல் வீசட்டும் என்று பொருள். நீங்கள் ‘ஏயிஸ்’ என்று பதில் சொன்னீர்கள். அது பலருக்கு. இன்னொருவர் யார்?”

கேலியாகத்தான் கேட்டார், சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சந்தியாகுவின் மூக்கை உடைக்க நல்ல சேதி கிடைத்தது என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாத்தியார் குழியின் மண் அமுங்கவில்லை, சின்னக்கருப்பன் செத்துப்போனான். பக்கத்துத் தோட்டத்துக் கந்தம்மாளின் கொழுந்தன். இளவட்டம். ஒரு நோய்நொடி கிடையாது. விறகுக்குப் போனவன் மூடுபனியில் பாதை தவறிப் பள்ளத்தில் விழுந்தான். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் வாத்தியார் அடக்கத்தன்று சின்னக்கருப்பன் பாட்டுக் கேட்கக் கல்லறை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்குச் சாமியாரின் கேள்வி ஞாபகம் வந்தது. இன்னொருவர் யார்?

உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொரு சாவாக எண்ணிப் பார்த்தேன். மணியகாரரின் தம்பிக்கு ‘ஸ்’ பாடினோம். அந்த வருஷத்துத் தவசுக்கால நோன்பு முடிவதற்குள் எங்களோடு பாடிக்கொண்டிருந்த அடைக்கலம் மார்வலி என்று படுத்தவன் எழவில்லை. பேரிக்காய்த் தோட்டக்காரருக்குப் பாடினோம். பின்னாலேயே அவர் வீட்டோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒரு தாயும் அவள் வயிற்றுப் பிள்ளையும் போனார்கள். கூலிக்காரர்களை எத்தனை பேரைப் புதைத்திருக்கிறோம்! ‘ஏயி’ என்று பாடினோம், மண்ணைத் தள்ளினோம், போனவரோடு போயிற்று. ‘ஸ்’ போட்ட இடத்தில் மட்டும், குழி மண் அமுங்குவதற்குள் இன்னொருவர். நாங்கள் வெளிச்சம் கேட்டது பலருக்கு. கேட்டபடி கிடைத்துக்கொண்டிருந்தது.

சந்தியாகுவிடம் போய்ச் சொன்னேன். “இலத்தீன் என்னலே பில்லிசூனியமா? இத்தன வருசமா நான் பாடலியா?” என்று குதித்தார். நான் ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடைக்கலத்தின் பெயர் வந்ததும் அவர் குதிப்பது நின்றது. அடைக்கலம் அவருடைய அக்காள் மகன். “இதச் சாமிக்கிட்டச் சொல்லாதலே. இனிமே யாருக்கும் அது வேணாம்” என்றார். ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட எனக்கு மனசு வரவில்லை.

அமலோற்பவத்திடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் நிறைமாதம். கிறிஸ்துமஸ் கழிந்து பெண்குழந்தை பிறந்தது. பிறந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கொடைக்கானல் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, பனிக்காற்று மட்டும் படக்கூடாது, தேறிவிடுவாள் என்று சொன்னார். கந்தம்மாள் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். கதவிடுக்கில் நான் சாக்கைத் திணித்துவைத்தேன். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பாட்டு ஆளைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? அதுவும் அந்தப் பாட்டு அவளுக்கு உயிர்.

அந்தச் சமயம் பார்த்து, பழைய மணியகாரரின் மகன் ஞானாதிக்கம் மணியகாரர் மண்டையைப் போட்டார்.

கேட்டதும் எனக்கு மணியகாரரைப் பற்றி ஒரு துக்கமும் வரவில்லை. என் வீட்டுப் பாயில் படுத்திருப்பவள்தான் கண்ணுக்கு முன்னால் நின்றாள். நேரே சந்தியாகு வீட்டுக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் மணியகாரரின் மூத்த மகன் யாகப்பன் நின்றுகொண்டிருந்தான்.

“உபதேசியாரே, எங்க தாத்தாவுக்குப் பாடுன மாதிரி இருக்கணும். ‘ஸ்’ நல்லா அழுத்தமா விழணும்.”

“புதுச் சாமி அது தப்புன்னு சொல்றாருப்பா” என்று சந்தியாகு இழுத்தார்.

“என்னய்யா தப்பு? எங்கப்பாவ அவன் இவன்னு பொதைக்கப் பாக்குறீகளா? கூலிக்காரனும் எங்கப்பாவும் ஒண்ணா?”

“குழிக்குள்ள ஒண்ணுதான் யாகப்பா” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

அவன் என் சட்டையைப் பிடித்தான். சந்தியாகு நடுவில் விழுந்து விலக்கி, “அதெல்லாம் பாடிப்புடுவோம், நீ போப்பா, ஆக வேண்டிய சோலியப் பாரு” என்று அனுப்பினார். அவன் தலை மறைந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட மாட்டோம்லே. வர்றது வரட்டும். எம் மகளும் மாசமாத்தான் இருக்கா.”

மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னோம். ஒருவனும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் யாராவது இருக்கிறார்கள். பாட்டை ‘ஏயி’ என்று முடித்து உதட்டைக் கடித்துக்கொள்வது என்று பேசிவைத்தோம். அடக்கத்துக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது அமலோற்பவம் கேட்டாள்:

“நானும் கோயிலுக்கு வரட்டாங்க? ஒடம்பு லேசா இருக்கு.”

“எந்திரிச்சா கால ஒடிப்பேன்” என்றேன். அவள் சிரித்தாள். அன்று காய்ச்சல் இறங்கியிருந்தது. கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்திருந்தாள்.

கோயிலில் பூசை அற்புதமாக நடந்தது. பயம் குரலை இவ்வளவு ஒன்றுசேர்க்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எங்களில் யார் எங்கே மூச்சு விட்டோம் என்று எனக்கே புரியவில்லை. தூபப் புகை மேலே போக, பாட்டும் அதன் கூடவே போயிற்று. பெர்னார் சாமியார் பீடத்திலிருந்து ஒரு நொடி தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

கல்லறைக்குப் பெட்டியைக் கொண்டுபோனபோது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. பட்டப்பகலில் பக்கத்தில் நிற்பவனே மங்கலாகத்தான் தெரிந்தான். குழிக்கு அந்தப் பக்கம் நின்ற யாகப்பனுக்கு வேட்டி மட்டும் இருந்தது, தலை இல்லை. சாமியார் தீர்த்தம் தெளித்தார். அது பெட்டியின்மேல் விழுந்த சத்தம் கேட்டது. அவர் தன் வரியைப் பாடினார். அதில் “ஏயி” என்றுதான் வந்தது.

நாங்கள் எடுத்தோம். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, “ஏயி” என்று வந்து நின்றோம். சந்தியாகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் உதட்டைக் கடித்ததில் இரத்தம் கரித்தது.

ஒரு சத்தமும் இல்லை. பனிக்குள் எதுவும் போகவில்லை. அப்பாடா என்று நான் மூச்சை விட்டேன். “உபதேசியாரே!” என்று யாகப்பன் உறுமினான்.

அப்போது மேலேயிருந்து அது வந்தது.

ஒற்றைக் குரல். எங்கள் வரியை முதலிலிருந்து எடுத்தது. சாவுப் பாட்டில் தனிக்குரல் கூடாது என்றேன் அல்லவா, அது ஏன் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்கிறவன் தாங்க மாட்டான். அது பனியைக் கீறிக்கொண்டு வரவில்லை. பனியே பாடுவதுபோல எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஓர் இடத்தில்கூட நடுங்கவில்லை. எங்கே இழுக்கக் கூடாதோ அங்கே இழுக்கவில்லை. வரியின் கடைசிக்கு வந்து, தாய் பிள்ளையை இறக்கிவிடுவதுபோல அந்தச் சொல்லை இறக்கியது. “ஏயிஸ்.”

அந்த ‘ஸ்’ எங்களைக் கடந்து சரிவில் இறங்கி, சீகை மரங்களுக்குள் போயிற்று. வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

“சம்மனசு! சம்மனசு பாடுது!” என்று யாரோ அழுதார்கள். தேவதூதரே இறங்கி வந்துவிட்டார் என்று ஜனங்கள் ஈர மண்ணில் முழங்காலில் விழுந்தார்கள். யாகப்பனும் விழுந்து கும்பிட்டான். தன் அப்பனுக்கு மரியாதை செய்ய வானத்திலிருந்தே ஆள் வந்துவிட்டது என்று அவனுக்குப் பூரிப்பு. சந்தியாகு மட்டும் என்னைப் பார்த்தார். கல்லறைக்கு மேலே சரிவில் இருக்கிற ஒரே வீடு என்னுடையது.

பாட்டும் சாமியாரும் கிடக்கட்டும் என்று ஓடினேன். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. அமலோற்பவம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் பனித்துளி. முகத்தில் அப்படி ஒரு களை.

“என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீக? இன்னும் மண்ணுத் தள்ளலியே?”

“நீ எதுக்குடி வெளிய வந்த?”

“கோயில்ல பாடுனது இங்கன வரைக்கும் கேட்டுச்சுங்க. என்னமா இருந்துச்சு! படுத்துக் கெடக்க முடியல. வாசல்ல நின்னு கேட்டேன். கடைசில போயி எல்லாரும் ‘ஸ்’ஸ விட்டுட்டீக. மணியகாரர் வீட்டாளுக சும்மா விடுவாகளா? ஒங்களத்தான அடிக்க வருவாக. அதான் எடுத்துக் குடுத்தேன்.” மூச்சு வாங்க, என் முகத்தைப் பார்த்தாள். “நல்லா இருந்துச்சாங்க?”

“நல்லா இருந்துச்சு” என்றேன். வேறு என்ன சொல்ல? நன்றாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. டாக்டரைக் கூட்டிவந்தேன். பெர்னார் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். பனிக்காற்றில் நின்றதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். மணியகாரர் குழியின் மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது. அவள் போய்விட்டாள்.

அவள் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை எங்கள் ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. சம்மனசுபோலப் பாடியது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. யாகப்பனே என்னிடம் வந்தான். அவன் கண்ணிலும் தண்ணீர். “இஞ்ஞாசி, பழச மனசுல வைக்காதப்பா. ஒம் பொண்டாட்டிக்கு ‘ஸ்’ போட்டே பாடச் சொல்லு. அந்தக் கொரலுக்கு இல்லாத மரியாத வேற யாருக்கு?” கூட நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சந்தியாகு மட்டும் தலையை ஆட்டவில்லை.

குழிக்குள் பெட்டி இறங்கியது. பதிலை நான் ஒருவனே பாடுகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த ‘ஸ்’ வேண்டியிருந்தது. ஒரே ஒரு எழுத்து. அதைப் போட்டுவிட்டால் பலருக்கு என்று ஆகிவிடும். இன்னொருவர் யார் என்று கேட்டால், இதோ நான், நானேதான். இந்த ஊரில் இந்தக் குளிரில் அவள் இல்லாமல் எனக்கு என்ன சோலி?

சாமியார் பாடி முடித்தார். நான் எடுத்தேன். அவள் திருத்தியபடியே எடுத்தேன், இழுக்கக் கூடாத இடத்தில் இழுக்காமல். பனி ஏறிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே கந்தம்மாள் மடியில் என் பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்கு இன்னும் ஞானஸ்நானப் பெயர்கூடப் பழகவில்லை. அந்த ‘ஸ்’ யாரைக் கேட்டுக்கொண்டு ஆளை எடுத்தது? சின்னக்கருப்பனைக் கேட்டதா, அடைக்கலத்தைக் கேட்டதா?

“ஏயி” என்று பாடி நிறுத்தினேன். நாக்கு பல்லைத் தேடிப் போயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மண்ணைத் தள்ளிவிட்டு எல்லாரும் திரும்பும்போது யாகப்பன் என் காதுபடச் சொன்னான்: “கட்டுனவளுக்கு ஒரு எழுத்து மரியாத கொடுக்க மனசு வரலயே இவனுக்கு.”

என் மூக்குநுனிக் கோபம் அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை. ‘ஏயி’ என்றால் அவளுக்கு என்று சாமியார் சொல்லியிருக்கிறார். அவள் ஒருத்திக்கு மட்டும். நான் என்றைக்கு அவளை ‘அவங்க’ என்று சொல்லியிருக்கிறேன்?